கெங் மியானுக்கு ஒரு புதைகல்

தம்பியின் சவப்பெட்டி தெற்குக் கடற்கரையிலிருந்து படகேறி வந்து சேர்ந்தபோது, கெங் போ முதலில் பார்த்தது அதன் மூலைகளைத்தான். ஒரு மூலையில் அரக்கு உரிந்திருந்தது. ஏற்றி இறக்கும்போது எங்கோ இடித்திருக்கிறார்கள். அழுவதற்கு முன்னால் அவர் அரக்கு பூசுகிறவனுக்கு ஆள் அனுப்பினார். வந்தவன் பூசி முடித்துக் காயவைத்த பிறகுதான், செக்கு மேட்டில் போய் உட்கார்ந்து, மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்.

அவர் சுபாவம் அப்படி. ஜிசோ நகரத்து ஆற்றோரம் கெங் வீட்டு எண்ணெய்ச் செக்கு என்றால் எல்லோருக்கும் தெரியும். கசடு இருக்காது, அளவு குறையாது. அப்பா இறந்த வருஷம் அண்ணன் தம்பி இருவரும் ஒரே வாத்தியாரிடம் படித்துக்கொண்டிருந்தார்கள். இருவரில் ஒருவர் செக்கடிக்கு வந்தாக வேண்டும். பெரியவர் வந்தார். படித்த மட்டுக்கும் எழுத்து மறக்காமல் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் ஆசைப்படவில்லை. ஆசையை எல்லாம் தம்பி மேல் போட்டார்.

மியான் மூன்றாவது முயற்சியில் தலைநகரத் தேர்வில் தேறியபோது, கெங் போ எண்ணெய் ஊற்றப் போன கடையெல்லாம் தம்பி புராணம்தான். "என்ன போண்ணே, இன்னைக்கு எண்ணெய அளக்கறீங்களா, தம்பிய அளக்கறீங்களா?" என்று மீன்கடைக்காரர் கிண்டல் செய்வார். "ரெண்டும் சுத்தம்தான், எத வேணா அளந்துக்கோ" என்பார் இவர்.

தேறிவிட்டால் மட்டும் போதாது. கடைநிலை உத்தியோகத்திலிருந்து மேலே ஏற, மேலதிகாரிகள் ஐந்து பேர் 'இவருக்கு நான் பொறுப்பு' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பின்னால் அந்த ஆள் ஏதாவது தவறு செய்தால், எழுதிக் கொடுத்தவர் தலையும் சேர்ந்து உருளும். ஆகவே யாரும் யாருக்கும் லேசில் எழுதிக் கொடுப்பதில்லை. நாலு பேர் கண்ணில் பட வேண்டும். கண்ணில் படுவதற்கு எண்ணெய் வியாபாரி கடை போடுவான். படித்தவன் பாட்டுப் போடுவான்.

மியான் ஒரு சின்ன ஆற்றுத்துறை ஊரில் எழுத்தராக இருந்தபோது, பெங் ஆசான் அந்த வழியாகப் புதுப் பதவிக்குப் போனார். நாடறிந்த பெயர். மழை பிடித்துக்கொண்டதால் படகு நின்றது. துறை மண்டபத்தில் உட்கார்ந்து அவர் எட்டடியில் ஒரு பாட்டு எழுதினார். ஒன்றுவிட்ட அடிகளின் முடிவில் நான்கு சொற்கள்: மணல்மேட்டுக்குத் திட்டு, குளிர்காலத்துக்குக் கூதிர், பிறகு படகு, கவலை. ஒருவர் எந்தச் சொற்களில் முடித்தாரோ, அதே சொற்களில், அதே வரிசையில் முடித்துப் பதில் பாட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஊர் அதிகாரிகள் எல்லோரும் பாடினார்கள். ஆசான் மியானுடைய பாட்டை மட்டும் இரண்டு முறை படித்தார். மழை விட்டது, படகு போய்விட்டது.

அதன்பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. அந்த ஒரு மாலைதான். ஆனால் போகிற படகு, வருகிற படகில் எல்லாம் பாட்டு போயிற்று, வந்தது. ஒவ்வொன்றும் அதே நான்கு சொற்களில் முடிந்தது. ஆசானின் நண்பர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். மியானோடு ஒரே ஆண்டில் தேறிய தாவ் ஜிங் சேர்ந்தார். பெரிய பதவியில் இருந்த ஷுவே லின் சேர்ந்தார். நாட்டின் நாலு மூலையிலும் யாராவது ஒருவர் திட்டு, கூதிர், படகு, கவலை என்று எழுதிக்கொண்டிருந்தார். எண்ணெய்க்காரர் வீட்டுப் பிள்ளை அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தான். ஆசான் ஒரு பொறுப்புச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

பிறகு அரசவையில் காற்று மாறியது. எதிர்க்கட்சி மேலே வந்தது. பெங் ஆசானை ஆள் திரும்பாத தீவுக்கு அனுப்பினார்கள். அவர் எழுத்தை வைத்திருக்கக் கூடாது என்று ஆணை வந்தது. அவர் கொடுத்த பொறுப்புச் சீட்டெல்லாம் செல்லாமல் போயிற்று. யார் அவர் ஆட்கள் என்று தேட ஒற்றன் தேவைப்படவில்லை. அந்த நான்கு சொற்கள் போதும். எவன் பாட்டில் அவை வரிசையாக நிற்கின்றனவோ, அவன் அகப்பட்டான். ஒரே மாதத்தில் எல்லோரும் ஆசானைத் தலைமுழுகிவிட்டார்கள்.

அம்மாவின் துக்க காலம் முடிந்து, அடுத்த பதவிக்குக் காத்துக்கொண்டு மியான் அப்போது வீட்டில் இருந்தான். தீவுக்குப் போகும் வழியிலிருந்து ஆசானின் பாட்டு ஒன்றை ஒரு படகோட்டி கொண்டுவந்து கொடுத்தான். மியான் அன்றைக்கே மை அரைக்க உட்கார்ந்தான்.

"அனுப்பாத மியான்" என்றார் கெங் போ.

"போன பாட்டு அவரோடதுண்ணா. இப்ப முறை என்னோடது."

"முறையாம் முறை! காய் நகத்தற விளையாட்டா இது, முறை வச்சு ஆட?"

மியான் சிரித்தான். "வந்த பாட்டுக்குப் பதில் இல்லன்னா மரியாதை இல்லண்ணா. வேறொண்ணும் இல்ல."

"மரியாதைக்கு உசிரையா குடுப்பாங்க?"

"உசிர யாரும் கேக்கல. வேலை போகும். போனா உங்களோட செக்குல உக்காந்துக்கறேன்."

"நீயா? ஒரு நாள் தாங்க மாட்ட. புண்ணாக்க மோந்து பாத்தே தும்முவ."

பதில் பாட்டு சுங்கத்துறையில் பிடிபட்டது. மியானுக்கு வேலை போகவில்லை. தெற்கே, விஷக்காய்ச்சல் அடிக்கிற கடற்கரை ஊரில் உப்புக் கண்காணிப்பு வேலை கொடுத்தார்கள். இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. பிள்ளையும் இல்லை. மனைவி யின் மட்டும் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

இப்போது கெங் போவுக்கு ஒரே ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. உத்தியோகத்தில் இருந்தவனைப் புதைக்கும்போது, அவன் யார், எப்படி வாழ்ந்தான் என்று வெட்டிய கல்லைக் குழிக்குள் பெட்டியோடு வைப்பார்கள். அதைச் சொந்தக்காரன் எழுதக் கூடாது. பேர் பெற்ற ஒருவர் எழுதித் தன் பெயரைப் போட வேண்டும். கல் மண்ணுக்குள் போய்விடும். எழுதியவரின் நூல்தொகுதியில் அந்த வாசகம் மேலே இருக்கும். நாலு பேர் படிப்பார்கள். அண்ணன் புகழ்ந்தால் அண்ணன் புகழ்ந்ததாகத்தான் ஆகும். அந்த வட்டத்து ஆள் ஒருவர், 'இவன் எங்களில் ஒருவன்' என்று சொல்ல வேண்டும். கெங் போ கேட்டது அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு இலையுதிர்காலத்தில் ஒரு நாளைச் சோதிடர் குறித்துக் கொடுத்தார். அதை விட்டால் மூன்று வருஷம் கழித்துத்தான் திசை கூடுமாம்.

கேட்கப் போகிறவன் வெறுங்கையோடு போக முடியாது. வாழ்க்கைக் குறிப்பு ஒன்றைச் சொந்தக்காரன் எழுதிக்கொண்டு போக வேண்டும். கெங் போ கோடை முழுவதும் அதை எழுதினார். மியான் எந்த வயதில் எந்த நூலை மனப்பாடம் செய்தான், முதல் முறை தோற்று வந்து மூன்று நாள் யாரோடும் பேசாமல் செக்குக் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது, ஆற்றுத்துறை மழை, ஆசான் இரண்டு முறை படித்தது, நான்கு சொற்கள், 'முறை என்னோடது' என்று சொன்னது. சந்தேகம் வந்த இடத்தில் யின்னிடம் கேட்டுத் திருத்தினார். ஒரு பிரதியை வீட்டில் வைத்தார். இன்னொன்றை எண்ணெய்த்துணியில் சுற்றிக்கொண்டு, சணல் துக்க உடையோடு படகேறினார்.

முதலில் ஹோங்சோவில் தாவ் ஜிங் வீடு. ஒரே ஆண்டில் தேறியவர்கள் உடன்பிறந்தவர்கள் மாதிரி. தாவ் ஜிங் வாசலுக்கே ஓடிவந்து, மண்டியிட்டவரைத் தூக்கி நிறுத்தி, தேம்பித் தேம்பி அழுதார். அழுகையில் பொய் இல்லை. கெங் போவே அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

"அண்ணா, ஒண்ணு காட்டறேன் வாங்க" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய், புதிதாக அச்சடித்த நூலை நீலத்துணி உறையிலிருந்து எடுத்தார். "என் பாட்டெல்லாம் சேத்து அச்சுப் போட்டிருக்கேன். மியானுக்கு எழுதினதுல ஒண்ணக்கூட விடல. பாருங்க."

கெங் போ விரலை வைத்துப் படித்தார். "'நண்பர் ஒருவருக்கு'ன்னு போட்டிருக்கு. மியான் பேரு எங்க தம்பி?"

"பேரு மட்டும்தான் இல்லண்ணா. பாட்டு இருக்கே."

"அடி முடியற அந்த நாலு சொல்லையும் காணோமே?"

"மாத்திட்டேன்." தாவ் ஜிங் மூக்கைச் சிந்தினார். "உண்மையச் சொல்லணும்னா, இப்பத்தான் பாட்டு இன்னும் நல்லா வந்திருக்கு."

கெங் போ நூலை மூடி, துணி உறையின் முடிச்சை முன்பிருந்த மாதிரியே போட்டு வைத்தார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். தாவ் ஜிங் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தலை போனா பரவாயில்லண்ணா. வயசான அம்மா இருக்காங்க. நடக்கக்கூட முடியாது. அவங்களுக்காகப் பாக்க வேண்டியிருக்கு."

"என்னச் சாக்கு சொல்லாதடா!" என்று உள்ளறையிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது. "நேத்துக்கூடக் கோயில் படி ஏறி இறங்கினேன். பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு."

தாவ் ஜிங் காது வரை சிவந்தார். அந்த அம்மாவே கையில் தட்டோடு வந்து, வழிக்கு வேகவைத்த அரிசி அப்பம் கட்டிக் கொடுத்தாள். "கோச்சுக்காதப்பா. நல்ல பையன்தான். முதுகெலும்பு மட்டும் அவங்கப்பனுது" என்றாள்.

அங்கிருந்து ஏரியைத் தாண்டி ஷுவே லின் மாளிகை. இவர் பதவியை விட்டு ஒதுங்கியவர். எழுத்து இன்னும் விலை போகிற ஆள். கட்சிக்காரர்கள் இவரைத் தொடாததற்கு, இவர் யாரையும் தொடாததுதான் காரணம் என்பார்கள். வாசலில் காத்திருந்த கெங் போ, மறுப்பதற்கு இவர் என்ன காரணம் சொல்வாரோ என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். ஷுவே லின் குறிப்பைக் கடைசி வரை படித்தார். ஆற்றுத்துறை வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் எழுதறேன்" என்றார்.

கெங் போ தரையில் நெற்றி பட விழுந்தார். அன்று பூராவும் ஏரிக்கரையில் கால் போன போக்கில் நடந்தார். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவனிடம், "என் தம்பிக்கு ஷுவே ஐயா எழுதறாரு" என்று சொன்னார். "எந்த ஷுவே?" என்றான் அவன். அதுகூட அவருக்கு வருத்தமாக இல்லை.

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். வெள்ளைத் தாளில் கருகருவென்று முத்து முத்தான எழுத்து. கெங் போ அவசரப்படாமல் படித்தார். இன்ன குலம், இன்ன ஊர், இன்ன ஆண்டில் தேறினார், இன்ன இன்ன பதவி வகித்தார். 'இயல்பிலேயே கவனமானவர். பேச்சில் குறைவு, கடமையில் நிறைவு. பணியில் இருக்கும்போது காலமானார்.' மனைவி யின். வாரிசு இல்லை. முடிந்துவிட்டது. ஏதாவது தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று விரலால் பிரித்துப் பார்த்தார்.

"ஐயா, ஆசான் பேரு இருக்காதுன்னு எனக்கே தெரியும். தெற்குல செத்தான்னாவது…"

"பணியில காலமானார்னு இருக்கே."

"எங்கன்னு இல்லையே."

"எங்கன்னு எழுதினா, ஏன் அங்க போனார்னு கேப்பாங்க."

கெங் போ விரலை இன்னொரு வரிக்கு நகர்த்தினார். "பாட்டு எழுதுவான்னு ஒரு வரி?"

"பாட்டு எழுதுவார்னு போட்டா, யாரோட எழுதினார்னு கேப்பாங்க பெரியவரே. தனியா பாட்டு எழுதறவன் யாரு இருக்கான் இந்த நாட்டுல?"

"அப்ப அவன் என்னதான் பண்ணான், ஐயா?"

"கவனமா இருந்தார்."

"கவனமா இருந்திருந்தா இன்னைக்கு உசிரோட இருந்திருப்பானே!"

ஷுவே லினுக்குக் கோபம் வரவில்லை. தாளின் கடைசி வரியைச் சுட்டிக் காட்டினார். அவர் பெயரும், வகித்த பதவிகளும் அங்கே இருந்தன. "நீங்க வந்தது இதுக்குத்தானே? இது உண்மையான பேரு. இதுல நான் எதையும் விடல."

உண்மைதான். இதற்குத்தான் வந்தார். கெங் போ தலையாட்டினார்.

"இன்னொரு காரியம்" என்றார் ஷுவே லின். "உங்க குறிப்ப எரிச்சிடணும். என் வாசகத்தையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, நான் எதையெல்லாம் விட்டேன்னு கொழந்தைகூடச் சொல்லிடும். வேற பிரதி இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கெங் போவுக்கு அது வராது. "வீட்டுல ஒண்ணு இருக்கு."

"அதையும்." கெங் போ சரி என்றார்.

கணப்புச் சட்டியில் ஒரு கோடை முழுவதும் எழுதியது ஒரு மிடறு தேநீர் குடிப்பதற்குள் கருகிப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் கொடுத்த வாக்குப்படி இன்னொன்றையும் அடுப்பில் வைத்தார். யின் பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்கவில்லை. கிளறிவிடும் கோலை எடுத்துக் கொடுத்தாள்.

கல் வெட்டுகிற சியூ அந்த வாரம் பட்ட பாடு கொஞ்சமல்ல. கெங் போ பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தையும் உரக்கப் படித்துத் தாளோடு ஒத்துப் பார்த்தார்.

"அய்யா, இப்படி மூச்சு படற மாதிரி உக்காந்தா உளி வழுக்குது. போய் எண்ணெய் ஆட்டுங்களேன்."

"கல்லுல தப்பு விழுந்தா அழிக்க முடியுமா?"

"அழிக்கலாம். கொஞ்சம் பள்ளமாத் தெரியும்."

"அதான் உக்காந்திருக்கேன்."

ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. கடைசி வரியாக ஷுவே லின் பெயரை வெட்டி முடித்தபோது, கெங் போ துணியால் துடைத்து, விரலால் அந்தப் பெயரைத் தடவிப் பார்த்தார்.

அடக்கத்துக்கு முந்தின நாள் ஷுவே மாளிகையிலிருந்து ஓர் ஆள் குதிரையில் வந்தான். துக்கத்துக்கு வெள்ளைப் பட்டு கொண்டுவந்திருந்தான். வணங்கினான். தண்ணீர் குடித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். தலைநகரத்தில் புதுசாக விசாரணை ஆரம்பித்திருக்கிறதாம். அந்த நான்கு சொற்களில் யார் யார் பாடினார்கள் என்று மறுபடி தோண்டுகிறார்களாம். ஐயா கெங் குடும்பத்தை மறக்கவே மாட்டாராம். கல்லில் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் நல்லதாம்.

"வெட்டியாச்சே" என்றார் கெங் போ.

"தெரியும் பெரியவரே. எடுக்கறதப் பாத்துட்டு வரச் சொன்னாங்க."

கெங் போ கல்லைக் காட்டினார். "குழிக்குள்ள போற கல்லு தம்பி. மண்ணுக்கடியில யாரு பாக்கப் போறாங்க?"

"அப்ப அங்க பேரு எதுக்கு, பெரியவரே?" அவன் கேலியாகக் கேட்கவில்லை. அவர் சியூவைக் கூப்பிட்டார்.

சியூ உளியை எடுத்தான். பெயர் பொடியாகி உதிர்ந்தது. அந்த இடம் கொஞ்சம் பள்ளமாகத்தான் தெரிந்தது. குதிரைக்காரன் குனிந்து பார்த்துத் திருப்தியோடு போனான்.

"உங்க பேர வெட்டட்டுமாய்யா?" என்றான் சியூ. "வெறுமனே கிடக்கே."

"இத நான் எழுதல."

"நீங்க எழுதினதயே வெட்டினா என்ன?"

"அது இல்ல. எரிச்சாச்சு. விடிஞ்சா அடக்கம்." பள்ளத்தில் கிடந்த பொடியை ஊதிவிட்டு, "அப்படியே விடு" என்றார்.

யின் அப்போதுதான் கல்லைப் பார்க்க வந்தாள். அவளும் படித்த வீட்டுப் பெண். முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நின்று படித்தாள். படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிறகு திரும்பினாள்.

"மாமா, இது யாரு?"

"நம்ம மியான்தாம்மா."

"ஓ" என்றாள் அவள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் குறித்த வேளையில் பெட்டியை இறக்கினார்கள். மேல்மூடிக் கல்லை எழுத்தின் மேல் கவிழ்த்து, இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, கால்மாட்டில் வைத்தார்கள். மண் ஈரமாக இருந்ததால் குழி சீக்கிரம் மூடியது.

குளிர்காலத்தில் யின்னை அவள் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனான். செக்கில் வேலை குறைந்திருந்த ஒரு பிற்பகலில், கெங் போ மை அரைத்து, தாளை விரித்து உட்கார்ந்தார். குறிப்பை மறுபடி எழுதி விடலாம் என்று எண்ணம். யாருக்கும் காட்ட வேண்டாம், வாக்குக் கொடுத்தது எரித்த அந்தக் குறிப்புக்குத்தானே. தூரிகையை நனைத்தார். கொட்டை பொறுக்கிய பையனை நினைத்தார். ஆற்றுத்துறையை நினைத்தார். முதல் வரி தானாகவே வந்தது. கல்வெட்டுக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை முறை உரக்கப் படித்த நாக்கல்லவா? 'இயல்பிலேயே கவனமானவர்' என்று எழுதினார். அடித்தார். வேறு மாதிரி ஆரம்பித்தார். 'பேச்சில் குறைவு' என்று வந்தது. மியான் பேசினால் நிறுத்தாதவன். தும்மலும் சிரிப்புமாகப் பேசிக்கொண்டே இருப்பான். என்ன பேசுவான் என்றுதான் இப்போது வரவில்லை.

தாளை வீணாக்கக் கூடாது என்று அதை மடித்து எண்ணெய்ப் புனலைத் துடைக்க வைத்துக்கொண்டார்.

வசந்தத்தில் வெளியூர் வியாபாரி ஒருவர் கடனுக்குப் பேச வந்தவர், "உங்களுக்கு உத்தியோகத்துல ஒரு தம்பி இருந்தாராமே, எப்படிப்பட்டவரு?" என்று கேட்டார்.

கெங் போ எண்ணெய்ச் சாடியை நேராக நிமிர்த்தி வைத்தார்.

"கவனமானவருங்க" என்றார்.